இஷ்செல்: ஒரு மாயன் பெயரை ரசிப்பது எப்படி?

மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிற மாயன் பெயர்களில் ஒன்று இஷ்செல். பெயர்ப் புத்தகங்கள் 'நிலாத் தேவதை' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதோடு நின்றால் பெயரின் ருசி பாதிகூடத் தெரியாது.

முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் எக்ஸ் இருக்கிறதே என்று 'இக்ஸ்செல்' ஆக்கிவிட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய மொழியில் அந்த எழுத்துக்கு 'ஷ' ஒலி. மாயர்கள் வாழ்ந்த மெக்சிகோவின் யுகடானுக்கு வந்த ஸ்பானியப் பாதிரியார்கள் மாயன் சொற்களை அந்த வழக்கப்படியே எழுதிவைத்தார்கள். 'செல்'லின் சகரத்தை 'அச்சம்' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பிரித்துப் பாருங்கள். 'இஷ்' பெண்பால் முன்னொட்டு. பழைய கல்வெட்டுகளில் அரசிகளின் பெயருக்கு முன்னாலும் வரும். 'செல்' வானவில்.

இனி ஆளைப் பார்க்கலாம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நூலகத்தில் இருக்கும் மாயன் சுவடியின் 74ஆம் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். தலையில் முறுக்கிய பாம்பு, விரல்களில் கூரிய நகங்கள். ஒரு கிழவி குடத்தைக் கவிழ்த்து வெள்ளமாகக் கொட்டுகிறாள். அங்கே அவள் பெயர் 'சக் செல்', பெரிய வானவில். இஷ்செல் இவள்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சுவடிகளில் வரும் இளம் நிலாப் பெண்ணையும் இவளையும் முன்பு ஒன்றாக்கிப் பார்த்ததில்தான் நிலாப் பட்டம் இவளுக்கு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கிழவி பேறுகாலத்துக்கும் நெசவுக்கும் உரியவள். 1562இல் மானி ஊரில் மாயன் சுவடிகளை எரித்த அதே பாதிரியார் தியேகோ டி லாண்டாதான், பிரசவ வலி கண்ட பெண்ணின் படுக்கைக்கு அடியில் இஷ்செல் உருவத்தை வைப்பார்கள் என்றும் எழுதிவைத்தார். கோசுமெல் தீவில் இருந்த இவள் கோயிலுக்குக் கடல் தாண்டி வந்து வேண்டிக்கொண்டார்கள்.

ஆக, இந்தப் பெயரின் அழகு நிலவொளியில் இல்லை. பிறந்த குழந்தைக்கு, பிரசவம் பார்க்கிற பாட்டியின் பெயர்! கைராசியும் கோபமும் சேர்ந்த பெயர்.

வழி பிடிபட்டதா? இனி 'இஷ்கிக்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கிக்' என்றால் ரத்தம். கிச்சே மாயர்களின் போபோல் வூ கதையில், மரத்தில் தொங்கிய மண்டையோடு உள்ளங்கையில் உமிழ, இரட்டையரைக் கருவுற்ற பாதாள லோகத்துப் பெண் அவள். அந்தப் பெயருக்கு 'அழகி' என்று யாராவது பொருள் சொன்னால், இனி நீங்களே திருத்தலாம்.