இறக்கும் நோக்கமும் ஆய்வாளரின் அளவுகோலும்

இளையோர் தமக்குத் தாமே விளைத்துக்கொள்ளும் தீங்கினை ஆராய்வோர் முதலிற் கேட்பது, அதனைச் செய்தவர் உண்மையில் இறக்க விரும்பினாரா என்பதே. வினா எளிது. விடையை அளக்க வகுக்கப்பட்ட கருவிகளோ மறுபரிசீலனைக்குரியன.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் தற்கொலையை வரையறுத்தபோது நோக்கத்தை வேண்டுமென்றே விலக்கினார். பிறரது அவதானிப்புக்கு அகப்படாத அளவுக்கு அது அந்தரங்கமானது என்பது அவரது வாதம். விளைவு இன்னதென அறிந்து செய்தமையே அவருக்குப் போதுமாயிற்று. உயிர் தப்பிய ஒருவரை எதிரே கண்டு, அடுத்து நேரக்கூடியதை மதிப்பிடவேண்டிய மருத்துவருக்கு அது போதவில்லை. 1974இல் ஆரன் பெக்கும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட நோக்க அளவுகோல் இத்தேவையின் பேறாகும். அதன் 15 வினாக்களுள் ஒரு பகுதி செயலின் சூழ்நிலையையும், மறுபகுதி செய்தவரின் கூற்றையும் நோக்குகின்றது. இரண்டும் கூட்டப்பட்டு ஓர் எண்ணாகின்றன.

இக்கூட்டல் இளையோர் விடயத்தில் தடுமாறுகின்றது. மரணத்தை எதிர்பார்த்து உயில் முதலிய ஏற்பாடுகள் செய்யப்பட்டனவா என அளவுகோல் வினவுகின்றது. 15 வயதுப் பிள்ளை எதை யாருக்கு எழுதிவைக்கும்? செயலின்போது அருகில் எவரேனும் இருந்தனரா என்பது இன்னொரு வினா. இரண்டு அறைகளில் எட்டுப்பேர் வாழும் வீட்டில் தனிமை எவருக்கும் வாய்ப்பதில்லை. அங்கு பெறப்படும் குறைந்த புள்ளி மனத்தின் அளவன்று, வீட்டின் அளவாகும்.

உடற்சேதத்தின் கடுமையைக் கொண்டு நோக்கத்தை ஊகிப்பது இதனினும் பழைய தவறு. கடுமைக்கும் நோக்கத்துக்குமிடையே மிகச் சொற்பமான தொடர்பே உண்டெனவும், தம் செயலின் விளைவைச் சரியாக அறிந்திருந்தோரிடம் மட்டுமே அவை ஒத்துச்செல்வனவெனவும் பெக் குழுவினரே 1975இல் காட்டினர். இந்த நிபந்தனையின் கனத்தை இலங்கையின் அனுபவம் உணர்த்துகின்றது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம் வைத்தியசாலையில் நஞ்சருந்திச் சேர்க்கப்பட்ட 268 பேரிடம் வினவப்பட்டபோது, நூற்றுக்கு 85 பேர் கைக்கெட்டியதையே எடுத்ததாகக் கூறினர். அதன் கொடுமையை அவர்கள் பெரிதும் அறிந்திருக்கவில்லை. பலர் அரைமணி நேரங்கூடச் சிந்தித்திருக்கவில்லை. அவ்வாறாயின், இறந்தவரை உறுதியான நோக்கமுடையவரென்றும் பிழைத்தவரை விளையாட்டாகச் செய்தவரென்றும் பிரிப்பதற்கு ஆதாரம் யாது? 1995இல் இலட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் ஏறத்தாழ அரைவாசியாகிப் பின்னரும் குறைந்தது. கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமை இதற்குப் பெருங்காரணம். நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகையோ அவ்வாறு குறையவில்லை. மாறியது மனங்களின் நோக்கமன்று, எட்டும் தூரத்தில் இருந்த போத்தலே எனலாம்.

நோக்கத்தை யார் வாசிக்கின்றார் என்பதும் கவனிக்கப்படல் வேண்டும். 1982இல் கீத் ஹோட்டனும் சகாக்களும் இங்கிலாந்தில் நஞ்சருந்திய வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்தபோது, தாங்கவியலா மனநிலையிலிருந்து விடுபடலையே இளையோர் பெரிதும் காரணமாகக் காட்டினர். மதிப்பிட்ட உளமருத்துவர்களோ பிறரைத் தண்டித்தல், பணியவைத்தல் போன்ற காரணங்களைக் கண்டனர். இங்கு மருத்துவரின் எரிச்சலும் அளவுகோலுள் நுழைந்துவிடுகின்றது என ஐயுற இடமுண்டு.

தமிழ் வழக்கும் சிந்தனைக்குரியது. 'தற்கொலை முயற்சி' என்ற ஏட்டுத்தொடர் நோக்கத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது. 'மருந்து குடிச்சிட்டாள்' என்னும் ஊர்ப்பேச்சு நடந்ததை மட்டுமே சொல்லி, ஏன் என்பதைத் திறந்துவைக்கின்றது. ஆய்வாளர் பலரிடம் காணப்படாத நிதானம் இப்பேச்சில் உண்டு.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தற்கொலை முயற்சி 1998 வரை குற்றமாக இருந்தது. அதற்கு முற்பட்ட பதிவுகளில் 'தவறுதலாக அருந்தியது' எனக் காணப்படும் கூற்றை முகமதிப்பில் ஏற்கவியலாது. பொலிசாருக்கு அஞ்சிய விடையாகவும் அது இருந்திருக்கலாம். சட்டம் மாறிய பின்னரும், விடுதிக் கட்டிலருகே தாய் அழுதுகொண்டு நிற்க, ஒரே முறை கேட்கப்படும் வினாவுக்கு ஒரு பெண்பிள்ளை கூறும் 'இல்லை'யும் அவ்வாறே ஆராயத்தக்கது. மறுநாள், தாய் வீடு சென்ற வேளையில், அதே பிள்ளை வேறு விடை கூறக்கூடும்.