இரண்டாவது ரிவால்வர் வாங்கலாமா?

பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டன்பாளையத்தில் 2024 நவம்பர் இறுதியில், தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தின் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் தனியாக வசித்த முதிய தம்பதி அதேபோல் மாண்டு கிடந்தார்கள். ஊரை விட்டுத் தள்ளிச் சாளை கட்டிக் குடியிருப்பது கொங்கு நாட்டுப் பண்ணையத்தின் அடையாளம். அந்தச் சாளையே பயம் தருகிற இடமானதும் துப்பாக்கி லைசென்ஸ் பற்றிய பேச்சு பரவலாக எழுந்தது. லைசென்ஸ் கையில் உள்ளவர்களுக்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: இடுப்பில் இருக்கிற ரிவால்வர் போதுமா, கணுக்காலிலோ சட்டைப்பையிலோ இன்னொன்று வேண்டுமா? 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளை அனுமதிக்கிறது. முன்பு அது மூன்றாக இருந்தது. ஆகவே இரண்டாவதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறவர், சட்டம் தந்த இடம் முழுவதையும் அதிலேயே தீர்த்துவிடுகிறார். அந்த இடத்துக்கு அது தகுதியான பொருள்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது துப்பாக்கியைச் சுமக்கும் பழக்கம் போலீஸ்காரர்களிடமிருந்து வந்தது. 1960களின் கடைசியில் நியூயார்க் காவல் துறை, கடைக் கொள்ளையரைப் பிடிக்கக் கடைகளுக்குள்ளேயே பதுங்கிக் காத்திருக்கும் ஒரு தனிப்பிரிவை அமைத்தது. அதில் பேர்பெற்ற ஜிம் சிரில்லோ போன்றவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ரிவால்வர்களைச் சுமந்தார்கள். ஆறு தோட்டா தீர்ந்த ரிவால்வரில் மறுபடி தோட்டா போடுவதைவிட அடுத்த ரிவால்வரை உருவுவது வேகமானது என்பதுதான் காரணம். 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் நடந்த எஃப்.பி.ஐ. துப்பாக்கிச் சண்டையையும் இரண்டாவது துப்பாக்கி வேண்டும் என்ற கட்சிக்காரர்கள் காட்டுவார்கள். அங்கே கார் மோதலில் தன் முதன்மைத் துப்பாக்கியைத் தவறவிட்ட ஒரு முகவர், கூடுதலாக வைத்திருந்த ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுதான் சண்டையைத் தொடர்ந்தார். இரண்டும் வலுவான சாட்சியங்கள். ஆனால் அவை எதற்குச் சாட்சி என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபத்து வரும் என்று தெரிந்து அதைத் தேடிப் போனவர்கள் அவர்கள். பயிற்சியும் துணையாட்களும் அவர்களுக்கு இருந்தன. இரண்டாவது துப்பாக்கி அவர்களுக்குப் பயன்பட்டது சண்டையின் நடுவில். சண்டை தொடங்கும் கணத்தில் அது யாரையும் காப்பாற்றவில்லை.

இந்தியச் சந்தையில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கட்சிக்கு மேலும் ஒரு வலு கிடைக்கிறது. 9 எம்.எம். போன்ற அளவுகள் இங்கே பொதுமக்களுக்குத் தடை என்பதால் கைத்துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் .32 தான். கான்பூரில் 2014இல் வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் அரைக் கிலோ எடை. அறிமுகத்தின்போது விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். பழைய வெப்ளி ரிவால்வர் பாணியில் நடுவில் மடித்துத் திறந்து ஆறு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். 2023இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரில் தோட்டா உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கிறது. 76 மில்லிமீட்டர் குழல், சுமார் 700 கிராம் எடை. மறுநிரப்பல் இதில் கொஞ்சம் சுலபம் என்றாலும் நடுங்கும் கைக்கு இரண்டுமே மெதுவானவைதான். தோட்டாவின் வேகமும் எடையும் சேர்ந்து தரும் ஆற்றலில் .32, 9 எம்.எம். தோட்டாவின் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. ஆறே தோட்டா, அதுவும் வலுக் குறைந்தது, திரும்ப நிரப்பவும் நேரமாகும் என்றால் நியூயார்க் போலீசின் நியாயம் நமக்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று ஒருவர் வாதிடலாம். எந்திரக் கணக்காக மட்டும் பார்த்தால் அது சரியான வாதம்.

ஆனால் ஆயுதம் மக்கர் செய்தால் என்ன செய்வது என்ற அச்சம் ரிவால்வருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பிஸ்டலில் தோட்டா சிக்கினால் இரண்டு கையும் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். மிஞ்சுவது தோட்டா தீர்ந்துபோகும் அச்சம் ஒன்றே. அங்கேதான் இந்தப் பொருளுக்கும் நம் ஊர் நிலைமைக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிகிறது. சேமலைகவுண்டன்பாளையத்திலும் சிவகிரியிலும் வந்தவர்கள் துப்பாக்கிச் சண்டைக்கு வரவில்லை. ஆளரவம் இல்லாத இடம், வயதானவர்கள், நகை ஆகியவற்றைக் கணக்கிட்டு வந்து, கையெட்டும் தூரத்தில் தாக்கினார்கள். சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு: கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி போதும். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் பழகிய கைக்கு ஏறத்தாழ அவ்வளவே ஆகும். நாய் குரைக்கிறதே என்று கதவைத் திறந்துகொண்டு களத்துக்கு வரும் எழுபது வயதுக்காரருக்கு இருட்டில் 21 அடிகூட வாய்க்காது. அவருக்கு ஏழாவது தோட்டா தேவைப்படும் நிலை வருவதற்குள் முதல் தோட்டாவையே சுட்டிருக்க முடியாது. அவரிடம் குறைவாக இருப்பது நேரம். அதை எந்த ரிவால்வரும் கூட்டித் தராது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. இடது கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு துப்பாக்கி இருந்தால், வலது கை பிடிபட்டாலும் அடிபட்டாலும் உதவுமே? காரில் சீட் பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட இடுப்புத் துப்பாக்கியைவிடக் கணுக்காலில் இருப்பதை எடுப்பது சுலபமாயிற்றே? உண்மைதான். தங்கம் எடுத்துக்கொண்டு கோவையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் காரில் போகிறவருக்கோ, மிரட்டலுக்கு ஆளாகித் தினமும் பயிற்சி எடுக்கிறவருக்கோ இந்த வசதி பொருட்படுத்தத்தக்கது. ஆனால் அதற்கு இடது கையாலும் சுடப் பழகியிருக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் விசையை இழுக்கப் பொதுவாக நாலைந்து கிலோ அழுத்தம் தேவை. மூட்டுவலி வந்த ஒற்றை விரலுக்கு அது லேசான வேலையல்ல. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கேட்கின்றன என்றாலும், அது துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத்தான் கற்றுத்தரும். கைகலப்பின் நடுவே சுடக் கற்றுத்தராது. ஒன்றையே பழகாதவருக்கு இரண்டாவது, பூட்டி வைக்க வேண்டிய இன்னொரு பொருள். திருடு போனால் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு பொருள். நகைக்காகச் சாளையை நோட்டம் விடுகிறவனுக்கு அதுவும் ஒரு நகைதான்.

இன்னொரு மறுப்பையும் கேட்கலாம்: ஒன்று பழுதுபார்க்கப் போனால் இன்னொன்று இருக்கட்டுமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துப்பாக்கி இல்லாமல் நிற்க வேண்டிய நாட்களில் பெரும்பாலானவை பழுதால் வருவதில்லை, தேர்தலால் வருகின்றன. நடத்தை விதி வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதிகாரிகள் விலக்குத் தந்த சிலரைத் தவிர மற்றவர்களின் இரண்டு துப்பாக்கியும் ஒன்றாகவே போகும். தேவைப்படும்போது முதலாவதோடு சேர்ந்து காணாமல் போவதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் சாய்வையும் பார்க்க வேண்டும். தற்காப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, மரை இல்லாத நீண்ட துப்பாக்கியைக் கேட்டால், மறுக்கத் தக்க காரணம் இல்லாதவரை லைசென்ஸ் தர வேண்டும் என்பது ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. கைத்துப்பாக்கிக்கு அந்த முன்னுரிமை கிடையாது. தக்க காரணம் இருப்பதாக அதிகாரிக்குப் படவேண்டும். சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது அவன் உயிரே போக நேர்ந்தாலும் அந்தத் தற்காப்பை பாரதிய நியாய சன்ஹிதா உரிய வரம்புகளோடு ஏற்கிறது. ஆக, சட்டம் மனதில் வைத்திருப்பது கதவுக்கு உள்ளே நின்று வீட்டைக் காப்பவரை. அவருக்கு உகந்தது தோளில் பதித்து இரண்டு கையாலும் பிடிக்கிற ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான். குறி தவறும் வாய்ப்பு குறைவு, கணுக்காலில் சுமக்கவும் வேண்டாம்.

அப்படியானால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் அந்தப் பணம் எங்கே போகலாம்? நேரத்தை வாங்கித் தரும் பொருள்களுக்கு. களத்தின் நாலு மூலையிலும் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, வீட்டுக்குள்ளிருந்தே வாசலைக் காட்டும் கேமரா, மின்சாரத்தை வெட்டினாலும் அவற்றை ஓட்டும் பேட்டரி, உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை. கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் நம் தோட்டங்களில் பழகிய சாமான். அதே சிம் கார்டு நுட்பத்தில் பக்கத்துச் சாளைக்காரர்கள் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் மணியடிக்கும் சைரனும் கிடைக்கிறது. தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். சிக்னல் மங்கலான தோட்டத்தில் 112க்கு நேராகப் பேசுவது மேல். இவையெல்லாம் கொலைகாரனைத் தடுத்துவிடுமா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர் கதவைத் திறக்காமலே விஷயத்தைத் தெரிந்துகொள்ளவும், முதல் துப்பாக்கி ஒன்று இருந்தால் அதைக் கையில் எடுக்கவும் அவகாசம் தரும்.

ஆகவே தீர்ப்பு இது. தொழிலே ஆபத்தாகி, மாதந்தோறும் சுடும் தளத்துக்குப் போகிற மிகச் சிலருக்கு மட்டும் இரண்டாவது கைத்துப்பாக்கி பொருள் உள்ள செலவு. தோட்டத்து வீட்டுக்காரர் அதை வாங்க வேண்டாம். விளக்கும் கேமராவும் சைரனும் முதலில். இதுவரை துப்பாக்கி இல்லாதவர் அது வேண்டும் என்றே முடிவு செய்தால் நீண்ட குழல் ஒன்று, அதற்குப் பயிற்சி. சட்டம் தருகிற இரண்டாவது இடம் காலியாகவே இருக்கட்டும்.