மலை எங்கே என்று கேட்ட சிறுமி

குழந்தைகளுக்கென ஆக்கப்பட்ட படைப்பொன்றைப் பெரியவர்கள் தம் கையில் எடுத்துக்கொள்ளும்போது படைப்பு மாறுவதில்லை. பார்க்கும் கண் மாறுகிறது. நாளடைவில் அந்தக் கண்ணே படைப்பின் பொருளையும் முடிவு செய்துவிடுகிறது. 'டோராவின் பயணங்கள்' என்னும் கார்ட்டூன் தொடருக்கு நம்மிடையே நேர்ந்திருப்பது இதுதான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தோன்றிய டோரா, 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டி.வி. வழியாகத் தமிழ் பேசினாள். ஏழு வயதுச் சிறுமி. முதுகில் பை, பைக்குள் பேசும் வரைபடம், துணைக்குப் புஜ்ஜி என்னும் குரங்கு. அரசகுமாரனுக்காகக் காத்திருக்கும் இளவரசியரையே பெண்குழந்தைகளுக்குக் கதையாகவும் பொம்மையாகவும் தந்துவந்த உலகில், காட்டையும் ஆற்றையும் தானே கடந்து செல்லும் சிறுமியைக் காட்டியது இத்தொடரின் சிறப்பு.

அன்று அதைப் பார்த்து வளர்ந்தோர் இன்று இளைஞர்கள். அவர்தம் கைப்பேசிகளில் டோரா மீண்டும் உலவுகிறாள், இம்முறை மீம்களாக. திருட வரும் குள்ளநரிக்கு அரசியல்வாதியின் முகம் பொருந்துகிறது. இதில் அன்பும் உண்டு, கேலியும் உண்டு. கேலியின் மையமோ ஒன்றே: தனக்குப் பின்னால் நிற்கும் மலையைக் காணாமல், மலை எங்கே என்று நம்மைக் கேட்கிறாளே, இவள் பேதையா? 2019இல் வெளிவந்த 'டோரா அண்ட் தி லாஸ்ட் சிட்டி ஆஃப் கோல்டு' திரைப்படமும் இக்கேலியைக் கையாள்கிறது. சிறுமி திரையை நோக்கிப் பேசுகிறாள். யாரிடம் பேசுகிறாள் என்று அறியாமல் பெற்றோர் விழிக்கின்றனர்.

பெரியவர்களின் பற்று தீங்கே செய்யும் என்று நாம் கூறவில்லை. 2010 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'மை லிட்டில் பொனி: ஃபிரண்ட்ஷிப் இஸ் மேஜிக்' சிறுமியருக்கான தொடர். வளர்ந்த ஆண்கள் பலர் 'ப்ரோனி' என்று தம்மை அழைத்துக்கொண்டு அதைக் கொண்டாடினர். சிறுமியர் விரும்புவது அற்பமானது என்ற ஏளனத்தை அவர்கள் ஓரளவு உடைத்தனர். ஆயினும் மறுபக்கமும் உண்டு. பின்னணியில் மாறுகண்ணோடு நின்ற குதிரைக்குட்டி ஒன்றுக்கு அவர்கள் 'டெர்ப்பி' என்று பெயரிட்டனர். 2012இல் தொடரே அப்பெயரைச் சொல்லி அதைப் பேச வைத்தது. மாற்றுத்திறன் கொண்டோரை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழவே, பெயரை நீக்கிக் குரலையும் மாற்றினர். பெரியவர்களின் செல்ல நகைப்பு, குழந்தையின் திரைக்குள்ளேயே புகுந்துவிட்ட கதை இது.

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றும்போது பெரியோரும் சிறியோரும் ஒரே பாயில் அமர்ந்து சிரித்தனர். அவரவர் பங்கு அவரவருக்குக் கிடைத்தது. ஒருவர் சிரிப்பு மற்றவர் சிரிப்பைப் பறிக்கவில்லை. இன்றோ அண்ணன் தன் கைப்பேசியில் நகைப்பதைக் கண்டு, தங்கை தான் விரும்பியதற்காக வெட்கப்படுகிறாள். இழப்பு இங்கேதான்.

டோரா கேட்டுவிட்டுச் சற்று மௌனமாயிருக்கிறாள். பெரியவருக்கு அம்மௌனம் வெறுமை. குழந்தைக்கோ அது தனக்கென விடப்பட்ட இடம். திரையிலுள்ளவள் யாரிடம் பேசுகிறாள் என்பது குழந்தைக்கு ஐயமின்றித் தெரியும்: தன்னிடந்தான். விடை அறியாமையால் எழுந்த வினா அன்று அது. மற்றவரைப் பங்காளியாக்கும் வினா.

விவிலியத்தில் இத்தகைய வினாக்கள் நமக்குப் புதியன அல்ல. ஏதேனில் ஆதாமை எங்கே என்று தேடிய இறைவன் அவன் இருப்பிடம் அறியாதவரா? கண் தெரியாத பர்த்திமேயுவிடம் என்ன வேண்டும் என்று வினவிய இயேசு, அவன் தேவையை உணராதவரா? திரளான மக்களுக்கு அப்பம் எங்கே வாங்கலாம் என்று அவர் பிலிப்பிடம் கேட்டபோது, தாம் செய்யவிருந்ததை அறிந்தே கேட்டார் என்று நற்செய்தியாளர் யோவான் தெளிவுபடுத்துகிறார். பிலிப்பு கணக்குப் பார்த்தார்; போதாது என்றார். அந்த வினா திறந்துவிட்ட இடத்தில்தான் ஒரு சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்கள் வந்து சேர்ந்தன.

நம் இல்லங்களில் ஒரு சிறுமி திரையை நோக்கி, "அதோ, உன் பின்னால்!" என்று கூவும்போது நாம் சிரிக்காதிருப்போம். கேட்கப்பட்டதற்கு அவள் விடையளிக்கிறாள்.