மாமியின் மகள் பேசாத பாட்டு

பொப்பிசை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிக்கும் திறனாய்வாளர் நம்மிடையே இன்றும் உளர். சிறுகதையிலும் நாவலிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி ஒலிக்க வேண்டுமென வாதாடியவர்களுள்ளும், அதே மொழி கிற்றாரின் துணையோடு பாட்டாக ஒலித்தபோது வெறுங் கேளிக்கையென ஒதுக்கியோர் இருந்தனர். ஆயினும், அரை நூற்றாண்டாக மக்கள் வாயில் நிலைத்திருக்கும் ஒரு பாட்டு எங்கே பிறந்தது, யாரால் யாக்கப்பட்டது, பிறர் பாடப் பாட என்னவாயிற்று என வினவுவது திறனாய்வின் கடமையேயாகும்.

‘சின்ன மாமியே’ என்ற பாட்டை அறியாத ஈழத் தமிழர் அரியர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அதனைப் பாடிப் புகழ் பெற்றார். அப்புகழ் அவருக்கு உரியதே. ஆனால் கேட்போரிற் பலர் அவரையே பாட்டின் ஆசிரியராகவும் கொண்டுவிட்டனர். அதன் சொற்களை யாத்தவர் கரவெட்டியை அடுத்த வதிரியைச் சேர்ந்த கமலநாதன். பாடியவர் பெயர் நாடறிந்ததாகவும், எழுதியவர் பெயர் ஊரளவில் நிற்பதாகவும் அமைந்த இந்நிலை தற்செயலானதன்று. குரல் விலைபோகும் சந்தையிற் சொல்லுக்கு உரியவன் பின்தள்ளப்படுவது வழமையே.

பாட்டின் பொருளை நோக்குவோம். மருமகனொருவன் மாமியிடம் அவளுடைய மகளைப்பற்றி விசாரிக்கிறான். அவள் படிக்கப் போயிருக்கிறாள் என்பது மாமியின் மறுமொழி. பெண்ணுக்கு மேற்படிப்பு எதற்கு என்பது அவன் குறை. வீதியில் நிற்கும் இளைஞரின் பார்வையைக் காரணங் காட்டுகிறான். மாமியோ மகளை விட்டுக்கொடாது பேசுகிறாள். மச்சாள் தனக்கே உரியவள் என்ற முறைப்பெண் உரிமையும், பள்ளிக்கூடம் திறந்துவிட்ட புதிய வழியும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. நகைச்சுவைப் போர்வைக்குள் இருப்பது ஒரு சமுதாய மாற்றத்தின் வழக்காகும்.

இவ்வழக்கு வதிரி மண்ணிலிருந்து எழுந்தது கருதத்தக்கது. சாதியின் பேராற் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் முதலியோர் முயன்று எழுப்பிய பள்ளியே பின்னர் தேவரையாளி இந்துக் கல்லூரியாக அங்கு வளர்ந்தது. படிப்பு என்ற சொல்லுக்கு அச்சூழலில் இருந்த கனம் பெரிது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியோ பெண்பிள்ளைகளையும் மேல் வகுப்புகளுக்கு அழைத்துச் சென்றது. அதனால் வீட்டு முற்றத்தில் எழுந்த சலசலப்பை அக்காலத்து மேடைக் கவிதைகள் பலவற்றினுந் தெளிவாக இப்பாட்டு பதிவு செய்துள்ளது.

சொல் நமது, துள்ளலோ பல கரைகளைக் கடந்து வந்தது. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் வந்த ஆடற்பாட்டு மரபிலிருந்து இலங்கையிற் பைலா வளர்ந்தது. வொலி பஸ்தியன் அதனைச் சிங்கள மேடையில் நிலைநாட்டினார். 1956இல் ஹரி பெலபொன்ரேயின் இசைத்தட்டு உலகெங்கும் பரப்பிய கலிப்சோவும் இலங்கை இளைஞரை ஈர்த்தது. இவையெல்லாங் கலந்த துள்ளிசையே தமிழ்ப் பொப்பிசைக்கு அடித்தளமாயிற்று. ஆகவே, இரவல் மெட்டென இதனை இகழ்வது பொருந்தாது. மெட்டுக்கள் கடல் கடப்பது இயல்பு. கடக்கும்போது எது கைவிடப்படுகிறது என்பதே கேள்வி.

இதற்குச் ‘சுராங்கனி’ தக்க சான்று. 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் இதனைப் பாடித் தமிழரிடையே பரப்பினார். 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாட, தமிழகமெங்கும் அது ஒலித்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்தியைக் கூறும் சிங்களச் சொற்கள், ‘மாலு’ என்றால் மீன் என்று அறியாத செவிகளுக்கு வெறும் தாளவொலியாயின. இரு மொழி மக்கள் அடுத்தடுத்து வாழ்ந்த நாட்டில் பிறந்த கலப்புப் பாட்டு, அக்கரையிற் பொருளற்ற குதூகலமாக மாறியது. பாட்டு வாழ்ந்தது, பாட்டின் நாடு மறைந்தது.

‘சின்ன மாமியே’க்கும் இதே விதி நேர்ந்துள்ளது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் திருமண மண்டபங்களில் அதனைப் பாடி ஆடுவோர் உளர். ஆடுவோருள் பட்டம் பெற்ற பெண்களும் இருப்பர். தாம் படிக்கலாமா என்று வழக்காடிய பாட்டுக்கே தாம் ஆடுகிறோம் என்ற நினைவு அவர்களுள் எத்தனை பேருக்கு எழும்?

பாட்டிலும் ஒரு குறை உண்டு; பாராட்டும்போது அதனை மறைத்தல் நேர்மையன்று. மருமகன் பேசுகிறான், மாமி பேசுகிறாள். யாரைப்பற்றிய வழக்கோ அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. இரு தரப்புச் சொல்லும் ஆணின் குரலிலேயே வருகின்றது. காலத்தின் எல்லை அதுவாக இருந்திருக்கலாம். நம் காலத்தின் எல்லை அதுவன்று.

பழைய பாடல்களைப் புதிய கருவிகளோடு மீண்டும் பாடும் ஆர்வம் இன்று பெருகியுள்ளது. வரவேற்போம். ஆனால் தாளத்தை விரைவுபடுத்துவது மட்டும் புதுமையாகாது. இப்பாட்டை எடுத்துப் பாடும் இளைஞர் முதலில் வதிரிக் கமலநாதனின் பெயரைச் சொல்லட்டும். அதன்பின், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் அந்த மகளைப் பேசவிடட்டும்.