மைல்கற்களும் நடந்தோரும்: குத்துச்சண்டை வரலாறும் ‘சார்பட்டா பரம்பரை’யும்

மாத்தளை நகரிலிருந்து எல்கடுவ நோக்கி ஏறும் பாதை தேயிலை மலைகளினூடாக வளைந்து செல்வது. இப்பகுதி மலைகளில் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட தொழிலாளரின் முதல் தலைமுறையினர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தவர்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். வெள்ளையராட்சி நட்ட மைல்கற்கள் தூரத்தைச் சொல்லின. நடந்தவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விளையாட்டு வரலாறுகளில் ‘மைல்கல்’ என்னும் சொல் தாராளமாக வழங்கப்படும்போதெல்லாம் இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது. யார் யாரை எத்தனையாம் சுற்றில் வீழ்த்தினார் என்பது கல்லிற் பொறித்தாற்போல எழுதப்பட்டுவிடுகின்றது. அந்தச் சண்டை எவருடைய மானத்தைப் பணயமாக வைத்து நிகழ்ந்தது என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பா. ரஞ்சித் இயக்கி 2021 ஜூலையில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ எழுதப்படாத அப்பகுதியை எழுத முயன்ற படம். அது எவ்வளவு தூரம் வென்றது, எங்கே தவறியது என்பதை நோக்குவதற்கு முன், குத்துச்சண்டையின் பொது வரலாறு எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைச் சுருக்கமாகக் காண்பது தகும்.

அவ்வரலாறு வழக்கமாக 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து தொடங்கும். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி என்பன அவ்விதிகளால் நிலைபெற்றவை. அடுத்து, வெறுங்கைச் சண்டைக்காலத்தின் இறுதிப் பெரும் பட்டப்போட்டியில் ஜோன் சலிவன் 75 சுற்றுகள் வரை நின்று ஜேக் கில்ரெயினை வென்ற 1889ஆம் ஆண்டு வரும். அதே சலிவன் கையுறை அணிந்து ஜேம்ஸ் கோர்பெட்டிடம் 21ஆம் சுற்றில் வீழ்ந்த 1892ஆம் ஆண்டு அதன் பின் வரும். முரட்டுத்தனம் நாகரிகமாக மாறிய கதையாக இது சொல்லப்படுகின்றது. ஆனால் சலிவன் கறுப்பினத்தவர் எவருடனும் பட்டத்துக்காக மோத மறுத்தவர் என்பது அந்நாகரிகக் கதையில் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிவிடுகிறது. பத்து விநாடி எண்ணுவதற்கு விதி வகுத்தவர்கள், மேடையில் ஏற யாருக்கு உரிமை என்பதற்கு விதி வகுக்கவில்லை. அதனை நிறவெறி வகுத்துக் கொண்டது.

இத்தடையை உடைத்தவர் ஜாக் ஜோன்சன். 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் டொமி பேர்ன்ஸைப் பதினான்காம் சுற்றுவரை அடித்து அவர் ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார். அதனைப் பொறாதோர், ஓய்வு பெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரீஸை மீண்டும் அழைத்து வந்தனர். 1910 ஜூலை 4இல் ரெனோவில் நடந்த போட்டியில் பதினைந்தாம் சுற்றில் அவரும் வீழ்ந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலவரம் மூண்டது. கொல்லப்பட்டோருட் பெரும்பாலார் கறுப்பின மக்களே. இங்கு திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அச்சண்டையின் படச்சுருள் பல இடங்களில் தடைசெய்யப்பட்டது. 1912இல், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வதையே குற்றமாக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. அது 1940 வரை நீடித்தது. வெற்றியைத் தடுக்க முடியாதவர்கள் வெற்றியின் காட்சியைத் தடுத்தார்கள். அடிபட்டவனை விட, அந்த அடியைப் பார்க்கக்கூடிய கண்களுக்கே அதிகாரம் அதிகம் அஞ்சியது.

இலங்கையின் குத்துச்சண்டை வரலாறும் இதே வகையில் இருமுகம் கொண்டது. 1938இல் சிட்னியில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் பார்னி ஹென்றிகஸ் ஃபெதர்வெயிட் பிரிவிற் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஜூன் 22இல் நியூயோர்க்கில் ஜோ லூயி, ஹிட்லரின் ஜெர்மனி தன் மேன்மைக்குச் சான்றாகக் காட்டிய மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் வீழ்த்தினார். ஹென்றிகஸின் வெற்றி சிறிய தீவொன்றுக்குப் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தீவிற் குத்துச்சண்டை வளர்ந்த களம் எது என நோக்குமிடத்து, 1914இல் தொடங்கிய ஸ்டப்ஸ் கேடயப் போட்டியும் அதிற் பங்குபற்றிய பெருங்கல்லூரிகளுமே கண்முன் வருகின்றன. ஆங்கிலேயன் இவ்விளையாட்டைப் பாடசாலை வழியாகக் கையளித்தான். பாடசாலைப் படியேறியவனே மேடைப்படியும் ஏறினான். அக்காலத்து எல்கடுவப் பகுதித் தோட்டச் சிறுவனுக்கு ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பள்ளி வாய்த்ததே பெரிது. அதன் பின் அவன் பெரட்டுக் களத்துக்குத்தான் போனான். 1948இல் இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக் போட்டிகளுக்குக் குழு அனுப்பியது. அக்குழுவிற் குத்துச்சண்டை வீரரும் இருந்தனர். அதே ஆண்டிலேதான் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. ஆகவே அச்சிறுவன் எவ்வளவு பலசாலியாக இருந்திருந்தாலும் இலண்டன் மேடையில் எந்தக் கொடியின் கீழ் நின்றிருப்பான் என்பது விடையற்ற வினாவாகும். 2010இல் டில்லிப் பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம், ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் பறிக்கப்பட்டது. நட்ட கல்லைப் பிடுங்கியதாகப் பத்திரிகைகள் வருந்தின. கல் நடவே வழியற்றிருந்தவரைப் பற்றி எழுதுவார் இல்லை.

தமிழகத்துக் கிராமங்களில் இருந்து பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் வெளியேறியவர்கள் அனைவரும் கடல் கடக்கவில்லை. ஒரு சாரார் மலைக்கு வந்தனர். வேறொரு சாரார் சென்னைத் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போயினர். மலைக்கு வந்தவர் துரையைத் தொலைவிலிருந்தே கண்டனர். துரையின் விளையாட்டுகள் துரைமார் கிளப்புக்குள்ளே முடிந்தன. துறைமுகத்துக்குப் போனவரோ கப்பல் மாலுமிகளையும் படைவீரரையும் ஆங்கிலோ இந்தியரையும் நெருக்கத்திற் கண்டனர். அவர்களிடமிருந்து கற்றதை அவர்களுக்கெதிராகவே பயன்படுத்தவும் துணிந்தனர். வடசென்னையில் ‘ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்றே இவ்விளையாட்டு வழங்கியது. கல்லூரிக்குப் பதிலாக அங்கு அமைந்தது ‘பரம்பரை’: ஒரு வாத்தியார், அவரிடம் பயிலும் தொழிலாளர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தெரு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் பெயர்கள் இவ்வாறு உருவானவை. பிறப்பாற் கிடையாத பரம்பரையைப் பயிற்சியால் உண்டாக்கிக்கொண்டமை சாதாரண செயலன்று. பரம்பரைப் பெருமை என்பதே உயர்ந்தோர்க்குரிய சொத்தாயிருந்த சமூகத்தில் அது ஒரு கலகம்.

ரஞ்சித்தின் படம் இதனைப் புரிந்துகொண்டது. முன்னர் வந்த ‘பூலோகம்’ (2015) இதே களத்தை எடுத்துக்கொண்டாலும், தொலைக்காட்சி வணிகத்தைச் சாடும் ஆவேசத்தில் களத்தை மறந்தது. ‘இறுதிச்சுற்று’ (2016) ஒரு பெண்ணை மேடையேற்றிய பெருமைக்குரியது. எனினும் அது தனியொருத்தியின் கதையே. ‘சார்பட்டா பரம்பரை’யின் முற்பகுதியில் நாயகன் கபிலன் அல்லன், கூட்டம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன் சண்டை பார்க்க ஓடுவதிலிருந்து படம் நகர்கிறது. குத்துச்சண்டைக்காரனாயிருந்து அடியாளாகி மாண்ட கணவனின் நினைவு, மகனை மேடையிலிருந்து விலக்கி வைக்கும் தாய் பாக்கியத்தின் பிடிவாதமாகத் தொடர்கிறது. ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதியின் முகத்தைப் பார்த்தே அடியின் கனத்தைப் பார்வையாளர் அளக்கின்றனர். ஓர் அடி விழும்போது அது ஓர் உடலில் மட்டும் விழவில்லை என்பதை விளக்கவுரை எதுவுமின்றிக் காட்டியமை இப்பகுதியின் சாதனை எனலாம்.

இதன் உச்சம் டான்சிங் ரோஸுடனான சண்டை. ஷபீர் கல்லரக்கல் ஏற்ற இப்பாத்திரம் எதிர்ப் பரம்பரையைச் சேர்ந்தது. கையைத் தாழ்த்தி, துள்ளி, வளைந்து, எதிரியைச் சிரிக்கவைத்து அடிக்கும் அவன் ஆட்டம் 1990களின் நசீம் ஹமீதை நினைவூட்டுவது. 1970களின் சென்னையில் அது காலவழு என்று குறை சொல்வாரும் உளர். அக்குறை பெரிதன்று. எதிரியை இழிந்தவனாகக் காட்டியே நாயகனை உயர்த்திப் பழகிய தமிழ்த் திரையில், நாயகனை விட அழகாக ஆடும் ஓர் எதிரியைப் படைத்து, அவனைத் தோற்கடித்த பின்னும் அவனுடைய மதிப்பைக் காத்த காட்சிகள் மிகச் சில. இரு பக்கத்தாரும் ஒரே வகைத் தொழிலாளர், ஒருவரையொருவர் அடித்துத்தான் தம் மானத்தை நிறுவ வேண்டிய நிலையிலுள்ளோர் என்ற துயரம் இங்கு சொல்லாமலே உணர்த்தப்படுகிறது.

வேம்புலியுடனான முதற் சண்டையில் கபிலனின் கை ஓங்கும் வேளையிற் கலகம் விளைகின்றது. மேடையிலேயே அவன் ஆடை களையப்படுகிறான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட செய்தியும் ரங்கன் வாத்தியாரின் கைதும் அதனோடு பின்னப்பட்டுள்ளன. அந்நிர்வாணம் சாதியின் அடி. விதிப்படி விழுந்த எந்தக் குத்தும் அதற்கு ஈடாகாது. இச்சண்டை முடிவின்றி நிற்கின்றது. முடியாத அச்சண்டையே வரலாற்றுக்கு உண்மையானது.

படம் தவறுவது இதன் பின்னரே. கூட்டத்தின் கதையாக வளர்ந்தது ஒருவனின் வீழ்ச்சியும் மீட்சியுமாகச் சுருங்குகிறது. கள்ளச்சாராயம், குடி, பருத்த உடல், கடற்கரையிற் பீடி ராயப்பனிடம் பயிற்சி, ஒரு பாட்டு, மீண்ட உடல், வெற்றி என்பது மேல்நாட்டுக் குத்துச்சண்டைப் படங்கள் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய அச்சு. குத்துச்சண்டையின் மெய் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகின்றது. வியட்நாம் போருக்குப் போக 1967இல் மறுத்த முகம்மது அலி மூன்றரை ஆண்டுகள் மேடையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் திரும்பியபோது கால்களின் பழைய வேகம் திரும்பவில்லை. 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் பதினைந்து சுற்றுகளில் தோற்றார். 1974 அக்டோபர் 30இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியபோது அவர் ஆடியது பழைய ஆட்டமன்று. கயிற்றிற் சாய்ந்து அடிவாங்கி, அடித்தவனைக் களைப்பித்து வென்ற வேறோர் ஆட்டம். அரசு பறித்த ஆண்டுகளை எவரும் மீட்டுத் தரவில்லை. அவை இல்லாமலே வெல்லக் கற்க வேண்டியிருந்தது. 1975 அக்டோபர் 1இல் மணிலாவில், பதினான்கு சுற்றுகளின் பின் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபுட்ச் சண்டையை நிறுத்தியபோது வென்றவரும் நிற்க மாட்டாத நிலையில் இருந்தார். கபிலனுக்கோ இழந்த ஆண்டுகளும் உடலும் ஒரு பாட்டு முடிவதற்குள் கிடைத்துவிடுகின்றன. பறிக்கப்பட்டது இவ்வளவு எளிதில் மீளுமாயின் பறித்தவனின் குற்றமும் இலேசாகிவிடும் அல்லவா?

அரசியலிலும் இதே எளிமைப்பாடு உண்டு. கள்ளச்சாராயத்தை ஆட்சிக்கலைப்புக்குப் பிந்திய சீரழிவாக அமைத்திருப்பது, 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டதும் அதே தி.மு.க. ஆட்சியில்தான் என்பதைப் பார்வையாளர் மறக்கத் துணைபோகின்றது. மாரியம்மாவாக வரும் துஷாரா விஜயன், கணவனைக் கேள்வி கேட்கும் மனைவியாக உயிர்ப்புடன் நிற்கிறார். ஆனால் அவர் கேள்விகளும் நாயகனைத் திருத்துவதற்கே பயன்படுகின்றன.

இத்தனை குறைகளுக்கும் பின்னர் இப்படம் மலையகத்தில் ஏன் பேசப்பட வேண்டும்? எல்கடுவ லயமொன்றிற் கைப்பேசித் திரையில் இதனைக் காணும் இளைஞன் ஒருவனுக்குக் குத்துச்சண்டை மேடை அந்நியம், பரம்பரை அந்நியமன்று. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியாகவும் மதனாகவும் வேடமிடுவோர்க்கு வாத்தியார் உண்டு, முறை உண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டியும் உண்டு. சிலம்பமும் அவ்வாறே கைமாறி வந்தது. யார் நன்றாக ஆடினார், எந்த ஆண்டில் யார் யாரை மிஞ்சினார் என்பது முதியோர் நினைவில் மட்டும் இருக்கின்றது. மலையகத்தைப் பற்றிய எழுத்து, சுமையையும் அட்டைக்கடியையும் சம்பளத்தையும் எழுதியிருக்கிறது, அது தேவையானதே. உழைத்த அதே உடல் மாலையில் எதற்காகப் பெருமைப்பட்டது என்பதை எழுதியவை குறைவு. ரஞ்சித்தின் முற்பகுதி காட்டுவது அந்தப் பெருமையைத்தான்.

ஆயினும் பெயர்களைப் பற்றிய ஒரு குறை எஞ்சுகின்றது. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப்போட்டி ஆடினார். வெற்றி தோல்வி எதையும் தீர்மானிக்காத அந்த ஆட்டத்துக்குப் படங்களும் பத்திரிகைச் செய்திகளும் உண்டு. தெருக்களின் மானத்தைத் தீர்மானித்த பரம்பரைச் சண்டைகள் சுவரொட்டிகளோடு கிழிந்து போயின. சார்பட்டாவின் கித்தேரி முத்து முதலியோர் வடசென்னையின் வாய்மொழியில் வாழ்கின்றனர். படம் அவர்களுக்குப் பதிலாகக் கற்பனைப் பெயர்களை வைத்தது. டான்சிங் ரோஸின் கால்வைப்பை எல்கடுவச் சிறுவர் இன்று ஆடிக்காட்டக் கூடும். மெய்யாகவே மேடையேறிய ஒருவரின் பெயரைக் கேட்டால் அவர்களிடம் விடையிராது.