சுங்குடிப் புள்ளியும் ஸ்கிரீன் புள்ளியும்

கடையில் மதுரைச் சுங்குடி கேட்டால் எடுத்துப் போடுகிற சேலைகளில் பலவும் முடிச்சையே பார்க்காதவை. மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாம் இப்போ அதே பெயரில்தான் போகிறது. "ஸ்கிரீனா? அப்போ போலி" என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறை எங்கே இருக்கு என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும்.

முதலில் முடிச்சு. மதுரையில் சௌராஷ்டிரர்கள் வளர்த்த வேலை இது. பருத்தித் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி. நூல் இறுகினதற்கு ஏற்ப ஓரம் கசியும், நடுவில் துளி நிறம் நிற்கும். ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. துணி முழுக்க மூழ்குவதால் இரண்டு பக்கமும் சாயம் பிடிக்கும்.

ஸ்கிரீன் வேறு கதை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில், வெளிச்சம் பட்டால் இறுகிற பூச்சைத் தடவுவார்கள். வெளிச்சம் படாத இடம் கழுவினதும் திறந்துகொள்ளும். அது வழியாகச் சாயக் கூழை ரப்பர் பட்டையால் தள்ளணும். நிறத்துக்கு ஒரு சட்டம். கூர்மையான கோடு, சீரான நிறப்பரப்பு எல்லாம் இதில் வரும். கட்டம் போட்ட துணியில் மெல்லிய சாயத்தை அச்சிட்டால், நெசவின் நிறத்தோடு கலந்து புதுசாக ஒரு நிறம் பிறக்கும். முடிச்சுக்கு எட்டாத அழகு இது.

இவ்வளவு கைவசம் இருந்தும் சுங்குடி வேஷம் எதற்கு? சிலர் கசிந்த ஓரத்தையும் வரைந்து பிலிமில் ஏற்றுகிறார்கள். சேலையை விரித்துப் பாருங்க. அதே கோணல் புள்ளி, சட்டத்தின் நீளத்துக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வரும். முந்தானையைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாள்கணக்கில் முடிச்சுப் போடுகிற பெண்ணின் கூலி கடையில் சொல்லப்படும் பெயரில்தான் நிற்கிறது. சீக்கிரம் அச்சாகிற சேலையும் அதே பெயரில் பக்கத்தில் கிடந்தால், வாங்குகிறவர் முடிச்சுக்கு ஏன் கூடுதலாகக் கொடுப்பார்? ஸ்கிரீன்காரருக்கும் நஷ்டம்தான். அவர் கைத்திறன் இன்னொருவர் பெயருக்குள் ஒளிந்துகொள்கிறது.

பில்லில் "ஸ்கிரீன் பிரிண்ட்" என்று எழுதட்டும். நல்ல டிசைனாக இருந்தால் அதையும் ஆசையாக வாங்கலாம்.