காற்றின் கண்

பேருந்தில் விண்டோ சீட் கேட்கிறோம், கணினியில் ஒரு விண்டோவை மூடி இன்னொன்றைத் திறக்கிறோம். இத்தனை பழகிய அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் காற்று வீசுவது தெரிந்த பிறகு, அதன்மேல் எனக்குத் தீராத பிரியம். பழைய நோர்ஸ் மொழியின் 'விண்டவுகா'தான் அதன் தாய். 'விண்ட்' காற்று, 'அவுகா' கண். கண்ணாடி அறியாத வட ஐரோப்பிய வீடுகளில் கூரையில் விட்ட துளை வழியே அடுப்புப் புகை மேலேறும். வெளிச்சமும் குளிரும் கீழிறங்கும். புகையில் கண் கரிக்க அண்ணாந்து பார்த்த யாரோ ஒருவருக்கு அந்தத் துளை காற்றின் கண்ணாகத் தெரிந்திருக்கிறது. என்ன நுட்பமான பார்வை!

சொல்லிப் பார்க்கவும் இதமான சொல். உதடு குவிந்து தொடங்குகிறது, நடுவில் நாக்கு ஒரு கணம் அண்ணத்தைத் தொட்டு மூடுகிறது, மறுபடி உதடு குவிய, மூச்சு வெளியேறுகிறது. முகவரி தெரியக் கடித உறையில் விடும் இடமும், ராக்கெட் ஏவ வாய்க்கும் குறுகிய நேரமும் இன்று விண்டோதான். எதன்மேல் ஏறினாலும் 'திறப்பு' என்ற பொருளை அது விடவில்லை. ஜெர்மன் மொழி லத்தீனிலிருந்து 'ஃபென்ஸ்டர்' என்று எடுத்துக்கொண்டது. டேனிஷ் மொழியோ 'விண்டு' என்று காற்றை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம்மிடமும் 'காலதர்' உண்டு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் காட்டும் புகார் மாளிகைகளில் அந்தக் காலதர்கள் மானின் கண்போல அமைந்தவை. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் வீட்டில் விட்ட ஒரே திறப்பில் காற்றையும் கண்ணையும் கண்டிருக்கின்றன. சொல் செய்தவர்களின் ரசனைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.